பனிக்கென்று வரைந்த எழுத்து

ஜூலை பதினான்காம் திகதி, திங்கட்கிழமை, காலை ஏழு பத்து. கொட்டகலையில் தூறலும் பனிமூட்டமும். எதிரே நின்ற பஸ் கூடத் தெரியவில்லை. நண்பன் செபமாலையின் மரண அறிவித்தலை அச்சடிக்க, கடை திறக்கும்வரை நின்றேன். மாலை நான்குக்கு அடக்கம். அவனுக்குப் பிள்ளைகள் இல்லை. தெரிந்தவர்கள் எல்லாம் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் இருக்கும் கிழவர்கள். கைத்தொலைபேசியில் செய்தி பார்ப்பவர்கள் அல்ல. சுவரில் ஒட்டினால்தான் வருவார்கள்.

கடைப் பெண் கணினியில் எழுத்து வகைகளைக் காட்டினாள். எண்ணினேன், முப்பத்திரண்டு.

"தடிப்பா வேணுங்களா ஐயா? இதையே தடிப்பாக்கித் தாரேன்."

ஒரு தட்டுத் தட்டினாள். 'ண'வின் சுழிகள் அடைத்துக்கொண்டன.

சுழி அடைபட்டால் செபமாலைக்குப் பிடிக்காது. ஹட்டனில் ஒரு சிறிய அச்சகத்தில் அவன் எழுத்து வரைந்தான். நான் மெய்ப்புப் பார்த்தேன், அதாவது நாள் முழுக்கக் குறை சொன்னேன். இன்றும் அந்த வேலையை விடவில்லை. முதல் கணினி வந்ததும், ஒரே முகச்சாடையில் ஐந்து கனங்களில் ஓர் எழுத்துக் குடும்பத்தை வரைந்தான். மெலிந்தது கல்யாணப் பத்திரிகைக்கு, நடுத்தரம் பாடசாலை மலருக்கு, பருத்தது சங்கச் சுவரொட்டிக்கு.

எல்லாவற்றிலும் தடித்தது பனிக்கென்றே பிறந்தது. சுழிகளுக்குள் வெளிச்சம் விட்டிருந்தான். அதைப் பரீட்சிக்கத் தன் பெயரிலேயே மரண அறிவித்தல் அடித்து எதிர்ச்சுவரில் ஒட்டினான். நீங்கள் சிரிப்பீர்கள். பனி இறங்கியதும் தெருவுக்கு இப்பால் நின்று வாசித்தோம், மகிழ்ந்தோம், கிழிக்க மறந்து தேநீர் குடிக்கப் போனோம். திரும்பினால் அவன் பிறந்த தோட்டத்து ஆட்கள் லொறியில் தப்பு மேளத்தோடு வந்து இறங்குகிறார்கள்.

"செத்தவரு பிளேன்டி குடிச்சிட்டு வாராரு பாருங்க" என்றார் தப்புக்காரர்.

செபமாலைக்கு அதுவா கவலை? "எங்கேருந்து பாத்தீங்க மாமா?"

"ஓடுற பஸ்ஸுல இருந்துதான். பளிச்சுன்னு தெரிஞ்சிச்சு. ஒனக்கு சிரிப்பா இருக்கு, எங்களுக்கு அரைநாள் பேரும் சம்பளமும் போச்சுடா."

அந்த ஐந்தும் பிளாப்பித் தட்டுகளில் இருந்தன. மலை ஈரத்தில் பூஞ்சணம் பிடித்தது. பிறகு அச்சகமும் மூடிற்று. அவன் வரைந்த தாள்கள் எங்கே போயின என்று அவனுக்கே தெரியாது.

அடைபட்ட எழுத்திலேயே ஐம்பது தாள் வாங்கி ஹட்டன்வரை ஒட்டினேன். அடக்கத்துக்கு வந்தவர்கள், பாதிரியாரையும் என்னையும் சேர்த்து, பதினொரு பேர்.

மறுநாள் சந்தையில் அவன் தோட்டத்துக் காளியம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். கூடையை இறக்கி வைத்தாள்.

"செபமால அண்ணனா? பஸ்ஸுல இருந்து அந்தத் தாளப் பாத்தேங்க. தண்ணி வெட்டுற நோட்டீஸுன்னுல்ல நெனச்சேன்."

தாள், பசை, பஸ் எல்லாம் சேர்த்து ஐயாயிரத்து எழுநூற்று நாற்பது ரூபாய்.