பெண்ணை ஆண் போலீஸ் நிறுத்தக்கூடாதாம்

1. பெண்களின் வண்டியைப் பெண் போலீஸ்தான் நிறுத்தலாம் என்று கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன்.
2. அதை நம்பிய டெய்லர் செல்வி அக்கா, நல்லூர் வாகனச் சோதனையில் ஆண் போலீஸ் கைகாட்டியும் நிற்காமல் போனார்.
3. பிடித்து, வண்டியை ஸ்டேஷனில் வைத்துவிட்டார்கள்.

வண்டி இல்லாமல் அக்கா ஷிப்டுக்கு வர முடியாது. ஸ்டேஷனுக்கு ஓடினேன்.

"ஆம்பளைப் போலீசும் நிறுத்தலாமுங்க சார், தப்பா எழுதினது நான். நிக்காததுக்குக் கேஸ் போடுங்க. ஆனா லைசென்ஸ் இல்லைன்னு எழுதாதீங்க. அக்கா லைசென்ஸ் போன்ல, கவர்மெண்ட் டிஜிலாக்கர் ஆப்புல இருக்குதுங்க, அது செல்லுமுங்க."

எஸ்.ஐ. சிரித்தார். "ஏனுங்க வக்கீலம்மா, ஒரு பொய் பத்தலீங்களா?"

"விடு தாயி, கெளம்புவோம்" என்று அக்கா என் கையை இழுத்தார்.

"அந்தப் பொய்க்கப்புறந்தான் சட்டத்தையே படிச்சேனுங்க" என்று, டிஜிலாக்கர் லைசென்ஸ் செல்லும் என்ற விதியைப் போனில் காட்டினேன்.

எஸ்.ஐ. 'லைசென்ஸ் இல்லை' என்ற வரியை நீக்கினார். தவறு செய்தவள் என்பதற்காக வாயை மூடிக்கொள்ள வேண்டியதில்லை என்று அன்று தெரிந்தது. வண்டி வந்துவிட்டது. நிற்காததற்கான வழக்கு இருக்கிறது. அக்காவோடு நானும் கோர்ட்டுக்குப் போகிறேன்.