பம்பில் ஒரு சிவப்புக் கோடு

கல்யாணமாகி ஆறு மாதத்தில், மனைவியின் அண்ணனை ஆரல்வாய்மொழிச் சாலையில் முந்த வேண்டும் என்பதற்காக, ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த என் டீசல் காரின் பம்பைத் திருகச் சொன்னவன் நான். அதற்காக மனைவியின் நெயில் பாலிஷைத் திருடியவனும் நானே. இரண்டு குற்றங்களும் ஏறக்குறைய பதினைந்து வருடம் கழித்து, போன ஆனி மாதம், வடசேரியில் ஒரே நாளில் பிடிபட்டன.

பம்பைத் திருகச் சொன்ன அன்று மெக்கானிக் சொன்னது இவ்வளவுதான். "டீசல் கூடுதலா போனா வண்டி பறக்கும் அண்ணே. ஆனா மனசு மாறினா பழையபடி வைக்கணும்லா? அடையாளத்துக்குச் சாயம் கீயம் வல்லதும் கொண்டு வாங்க."

வீட்டிலிருந்த ஒரே சாயம், மச்சான் வளைகுடாவிலிருந்து தங்கைக்குக் கொண்டுவந்த சிவப்பு நெயில் பாலிஷ். பம்பில் டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகின் மேலும் அதைப் பூட்டும் நட்டின் மேலும் சேர்த்து ஒரே கோடாக இழுத்தார் மெக்கானிக். பிறகு திருகை அரைச்சுற்றுத் திருப்பினார். கோடு இரண்டாகப் பிரிந்தது. குப்பி பட்டறையிலேயே தங்கிவிட்டது.

மச்சானை ஒரு முறை முந்தினேன். என் கறுப்புப் புகைக்குள் அவர் காணாமல் போனார். டீ குடிக்க நிறுத்தியதாக இன்றுவரை சொல்கிறார்.

வீட்டில் குப்பியைத் தேடினார்கள். அந்த வாரம் என் அக்கா வந்துபோயிருந்தாள். பழி அவள் மேல் போய் உட்கார்ந்தது. நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பதினைந்து வருடமும் அதையே படித்துக்கொண்டிருந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காரில்தான் மகளை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவந்தோம். கொஞ்சம் வளர்ந்ததும் பின்கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு, "அப்பா, மேகம் நம்ம பொறத்தால வருது" என்பாள். இப்போது வெளியூர் ஹாஸ்டலில் தங்கிப் பள்ளியில் படிக்கிறாள். போனில் என்னை விசாரிப்பதற்கு முன் காரை விசாரிப்பாள்.

இத்தனை காலம் புகைச் சான்று எப்படிக் கிடைத்தது என்று கேட்காமலிருப்பது நட்புக்கு அழகு. ஆனால் பதினைந்து வருடப் பதிவு முடிந்து புதுப்பிக்கப் போனபோது நிஜமான சோதனை தேவைப்பட்டது. சைலன்சரில் குழாயைச் செருகியவர் ஆக்சிலேட்டரை முழுதாக மிதிக்கச் சொன்னார். மிதித்தேன். இருமல் அடங்கியதும் கேட்டார்: "டீசல் வண்டியா சார், விறகடுப்பா?"

"ஆக்கர் கடையில எடைக்குப் போட்டுரலாம். எடத்த அடைக்கு" என்றாள் பக்கத்து சீட்டிலிருந்த மனைவி.

காரை நேராகப் பழைய மெக்கானிக்கிடம் விட்டேன். அவருக்கு முடி நரைத்திருந்தது, ஞாபகமும்தான். "அடையாளம் போட்டோமா? ஒரே அழுக்கால்லா இருக்கு" என்றவர், துணியில் தின்னரை ஊற்றிப் பம்பைத் துடைக்கக் குனிந்தார்.

தின்னர் பட்டால் கோடு போகும். கோடு போனால் கார் ஆக்கர் கடைக்குப் போகும். என்னையறியாமல் கத்திவிட்டேன்:

"தின்னர் வேண்டாம்! அது நெயில் பாலிஷ்!"

மெக்கானிக்கின் துணி பாதியில் நின்றது.

"எந்த நெயில் பாலிஷ்?" என்றாள் மனைவி.

நான் பம்பையே உற்றுப் பார்த்தேன். மெக்கானிக் புத்திசாலி. மண்ணெண்ணெய் தொட்டுத் தீக்குச்சியால் மெல்லச் சுரண்ட ஆரம்பித்தார். கரிக்குள்ளிருந்து நட்டில் ஒரு பொட்டு, திருகில் ஒரு பொட்டு. ஸ்பானரைப் பிடித்துத் திருகைத் திருப்பினார். இரண்டும் மெதுவாக வந்து ஒரே கோடாகச் சேர்ந்தன.

மனைவி பானட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நின்றேன்.

"இந்தக் கலரு பொறவு எங்கயும் கிட்டவே இல்ல" என்றாள். கல்யாணமான புதிதில், கியர் மேலிருந்த என் கைமேல் கைவைத்து அவள் உட்கார்ந்திருந்ததும் அந்தச் சிவப்பு நகங்களும் ஞாபகத்துக்கு வந்தன. அவளுக்கும் வந்திருக்கலாம், கேட்கும் நிலையில் நான் இல்லை.

இரண்டாவது சோதனையில் கார் தேறிவிட்டது. இப்போது ஆரல்வாய்மொழிக் காற்றில் லாரிகள்கூட என்னை முந்திப் போகின்றன, நான் வழிவிடுகிறேன். போகும் வேகத்தைத் திருகிக் குறைக்கலாம், உண்மையைச் சொல்லாமலிருந்த வருடங்களைக் குறைக்க எந்தப் பட்டறையிலும் திருகு இல்லை என்பது மட்டும் அப்போதெல்லாம் உறுத்தும்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் மனைவி என் அக்காவைப் போனில் கூப்பிட்டு, எல்லாவற்றையும் சொல்லி, மன்னிப்பும் கேட்டுவிட்டு, ஸ்பீக்கரைப் போட்டு என்னிடம் நீட்டினாள். அக்கா சொன்னாள்:

"வண்டி பாசாயிட்டு, சந்தோசம். இத்தன வருசம் எனக்க மேல அடிச்ச பொகைக்கு எவன்லே சர்டிபிகேட் தருவான்?"