ஆறட்டும் என்று விட்ட ஒன்பது வருஷம்

எழுபத்தாறாம் வருஷம், ஆவணி மாதம், திங்கட்கிழமை. திருச்சியிலிருந்து விருத்தாசலம் போகும் பாசஞ்சர் வண்டி காலை ஐந்து நாற்பதுக்குக் கிளம்பியது. டிக்கெட் மூன்று ரூபாய் எண்பது பைசா. என் பாத்திரக் கடைக்கு ஊறுகாய் ஜாடி வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லியிருந்தேன். அது பாதி உண்மை. பீங்கான் சூளை எப்படி எரிகிறது என்று பார்க்கும் ஆசைதான் மீதிப் பாதி.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். நூலகத்தில் வெப்பவியல் புத்தகம் ஒன்று கிடைத்து, அதை மூன்று முறை படித்தபின் பார்க்கிற மனிதரையெல்லாம் சூடு, குளிர் என்று அளக்கும் வியாதி பிடித்துக்கொண்டது. அன்றைக்கு லால்குடியில் ஏறிய ஒருவர் டிரங்குப் பெட்டியை நடுவே வைத்துக்கொண்டு யாரிடமும் முகம் கொடுக்காமல் உட்கார்ந்தார். என் பக்கத்திலிருந்த அம்மாள் விடாமல் பேசிக்கொண்டு வந்தார். அரியலூர் வருவதற்குள் டிரங்குப்பெட்டிக்காரர் தன் மகளின் பிரசவம்வரை சொல்லி முடித்து, பொட்டலத்திலிருந்த இட்லியையும் எங்களுக்கு நீட்டினார். சூடான பொருளிலிருந்து ஆறின பொருளுக்கு வெப்பம் தானாகப் போகும் என்று புத்தகம் சொல்வது இதுதானே என்று சந்தோஷப்பட்டேன்.

ஒன்பதரை மணிக்கு விருத்தாசலம். ஸ்டேஷன் வாசலில் டீ இருபது பைசா. பீங்கான் பட்டறைகள் இருக்கும் பக்கம் நடந்தே போனேன். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் வெள்ளை மண் மூட்டை மூட்டையாக அங்கே வந்து இறங்குகிறது. பட்டறையில் வேலை செய்கிறவர்களின் புருவம்கூட வெளுத்துத்தான் இருக்கிறது.

நான் போன பட்டறையின் சூளை மேஸ்திரி கலியபெருமாள். ஐம்பது வயதிருக்கும். எனக்கு வேண்டிய ஜாடிகள் உள்ளேதான் இருந்தன. சூளையின் வாசலைச் செங்கல் அடுக்கி, மண் பூசி அடைத்திருந்தார்கள். நெருப்பை நிறுத்தி மூன்று நாளாகிவிட்டதாம். நாளைக் காலையில்தான் பிரிப்பார்களாம். அவசரப்பட்டு இன்றைக்கே திறந்தால் வெளிக்காற்று பட்டு அத்தனையும் கீறிவிடும் என்றார். சுவரில் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, “இன்னும் கோவமா இருக்குது, சார்” என்று சிரித்தார்.

எனக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போயிற்று. என் புத்தகக் கதையைச் சொன்னேன். கவனமாகக் கேட்டவர், மத்தியானம் தன்னோடு மங்கலம்பேட்டைக்கு வர முடியுமா என்று திடீரென்று கேட்டார். தம்பி சேகர் அங்கே சைக்கிள் கடை வைத்திருக்கிறான், தன் மகள் மல்லிகாவின் கல்யாணப் பத்திரிகையை அவனுக்கு நேரில் கொடுக்க வேண்டும் என்றார்.

பஸ்ஸில் டிக்கெட் எழுபது பைசா. பதின்மூன்று கிலோமீட்டர் இருக்கும். வழியில் மிச்சத்தைச் சொன்னார். ஒன்பது வருஷத்துக்கு முன் சேகரும் அதே பட்டறையில்தான் இருந்தான். லாரி காத்திருக்கிறது என்று ஒருநாள் முன்னதாகச் சூளையைப் பிரித்துவிட்டான். சூளைச் சரக்கு முழுவதும் கீறிப்போயிற்று. பட்டறை ஆட்கள் எல்லோரும் பார்க்க இவர் அவன் கன்னத்தில் அறைந்தார். அன்றைக்கே பெட்டியோடு போனவன்தான். மல்லிகாவைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்த சித்தப்பன் பிறகு அந்த வீட்டுப் பக்கமே வரவில்லை.

“நீங்கள் போகவில்லையா?” என்று கேட்டேன்.

“சூட்டோட போனா இன்னும் ஒடையும்னு இருந்துட்டேன். ஆறட்டும், ஆறட்டும்னு. இப்பவும் நாலு வார்த்த கத்துவான். வேத்து ஆளு கூட இருந்தா கொஞ்சம் அடக்கிக்குவான்ல, அதுக்குத்தான் ஒங்கள கூப்ட்டேன்.”

இரண்டு மணிக்கு மங்கலம்பேட்டைக் கடைத்தெருவில் இறங்கினோம். கடைக்குச் சற்றுத் தள்ளி நின்று கலியபெருமாள் வேட்டியை இரண்டு முறை அவிழ்த்துக் கட்டினார்.

சேகர் எங்களைப் பார்த்ததும் எழுந்தார். “வாங்கண்ணே” என்றார். நாற்காலியைத் துண்டால் தட்டிப் போட்டார். கடைப் பையனிடம் இரண்டு கலர் சோடா வாங்கிவரச் சொன்னார். அங்கே மழை உண்டா, அண்ணிக்கு உடம்பு எப்படி என்று கேட்டார். பத்திரிகையை வெற்றிலை பாக்கோடு இரண்டு கையாலும் வாங்கி, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தார். மாப்பிள்ளைக்கு என்ன வேலை, எந்த ஊர் என்று விசாரித்தார். நல்ல இடம் என்றார். குறை சொல்ல ஒன்றுமில்லை. பந்தலில் பக்கத்து இலைக்காரரிடம் கேட்பது போலக் கேட்டார், அவ்வளவுதான்.

கலியபெருமாளுக்குத் தாங்கவில்லை.

“அன்னிக்கு நான் கை நீட்டியிருக்கக் கூடாதுடா, சேகரு.”

சேகர் கொஞ்ச நேரம் யோசித்தார். எந்த நாள் என்று தேடுகிறவர் முகம் அது.

“அதுவா? அது என்னிக்கோ நடந்தது. நான் மறந்தே பூட்டேண்ணே. கலர் குடிங்க, சூடாயிடும்.”

“இல்லடா, அத்தினி பேரு எதிர்ல...”

“நீங்களும் மனசுல வச்சிக்காதீங்க.”

அப்போது பக்கத்து மளிகைக்கடை பாய் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். சேகர் குரல் எழும்பியது. “யோவ் பாய், இது டயரா, உம்ம வூட்டு அடுப்படி சாக்கா? எத்தினி தபா சொல்றது ஒமக்கு?” பாய் திருப்பி ஒன்று சொன்னார். இருவரும் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டு சிரித்தார்கள். திட்டும் சிரிப்பும் அந்த மனிதரிடம் நிறையவே இருந்தன. கலியபெருமாள் கலர் பாட்டிலைக் கையில் பிடித்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

பாய் போனதும் சேகர் எங்கள் பக்கம் திரும்பினார். முகம் பழையபடி மரியாதைக்கு வந்தது. “மூணே காலுக்கு ஒரு பஸ்ஸு இருக்குதுண்ணே. அத வுட்டா அஞ்சு மணிக்குத்தான்.”

மூன்றே கால் பஸ்ஸிலேயே திரும்பினோம். கலியபெருமாள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டார். எனக்குப் புத்தகத்தின் இன்னொரு பக்கம் நினைவுக்கு வந்தது. அடுப்பிலிருந்து இறக்கிய பானை அறையின் சூட்டுக்கு வந்ததும் அதன் வெப்பப் போக்குவரத்து நின்றுவிடுகிறது. எடுப்பதும் இல்லை, கொடுப்பதும் இல்லை. தானாக அது மறுபடி சூடேறாது. இந்த நிலைக்குச் சமநிலை என்று பெயர் போட்டிருந்தார்கள். காலையில் ரயிலில் சூடு பரவுவதைக் கண்டு சந்தோஷப்பட்டபோது, அது இதில் வந்துதான் முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. கோபம் தனியாக ஆறும், பாசம் மட்டும் உள்ளே சூடாக இருக்கும் என்று அந்தப் புத்தகத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை. 

இரவு லாட்ஜில் தங்கினேன். வாடகை மூன்று ரூபாய். செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குச் சூளையைப் பிரித்தார்கள். ஒரு ஜாடியிலும் கீறல் இல்லை. கலியபெருமாள் ஒவ்வொன்றாகச் சுண்டிப் பார்த்து வைக்கோலில் அடுக்கினார். சரியான சமயத்தில் திறந்த சூளை என்று ஆட்கள் அவரைப் புகழ்ந்தார்கள். அவர் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை.

மத்தியான வண்டிக்கு ஸ்டேஷன்வரை வந்தார். எங்கள் ஊரில் அண்ணன் தம்பிகள் கோர்ட்டுவரை போய்க் கட்டிப் புரளுவார்கள், உங்கள் தம்பி ஒரு சொல் சொல்லாமல் பத்திரிகையை வாங்கிக்கொண்டாரே என்றேன். ஆறுதலுக்குச் சொன்ன பேச்சு. என் காதுக்கே நன்றாக இல்லை. கல்யாணத்துக்குக் கட்டாயம் வருவார், பாருங்கள் என்றும் சேர்த்துச் சொன்னேன்.

வண்டி நகரத் தொடங்கியிருந்தது. அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நாலடி நடந்தார்.

“வருவான், சார். நேரத்துக்கு வந்து, சாப்ட்டுட்டு, போயிட்டு வரேன்னு சொல்லிட்டுப் போவான். அத நெனச்சாதான் எனக்கு பயமா இருக்குது.”