தம்பிக்குத் தைத்த சட்டைகள்

காஜா அக்காவிடம் நான் பேசிய முதல் பேச்சே பொய். "தம்பிக்கு ஒரு சட்டை தைக்கணும்க்கா. அவனும் என் உயரம், என் உடம்புதான். என்னை வச்சே அளவெடுத்துக்கோங்க."

பல்லில் கடித்திருந்த குண்டூசியை எடுத்துவிட்டு அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உன் தம்பிக்கு நெஞ்சுல இடம் விட்டுத் தைக்கணுமா?"

அவர் சிரிக்கவில்லை. அளவு நோட்டை எடுத்து 'தம்பி இருபத்திமூணு' என்று எழுதிக்கொண்டார். எனக்கு முன்னால் இருபத்திரண்டு பெண்கள் அதே படியேறி வந்து அதே பொய்யைச் சொல்லியிருக்கிறார்கள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்.

முடியை ஒட்டக் கத்தரித்துக்கொண்டு கால்சட்டையும் சட்டையுமாகத் திரிகிற பெண்கள் நாங்கள். பெண்களைக் காதலிக்கிறவர்கள். என்னைப் பொறுத்தவரை ஆணாக வேண்டும் என்கிற ஆசையெல்லாம் கிடையாது. எனக்குப் பெண்ணாக இருக்கத் தெரிந்த விதம் இதுதான். ஆனால் கடையில் தொங்கும் ஆண் சட்டைக்கு இது புரியுமா? தோளில் தொளதொளக்கும், இடுப்பில் பிடிக்கும், இரண்டாவது பித்தானுக்கும் மூன்றாவது பித்தானுக்கும் நடுவே வாயைப் பிளக்கும். காஜா அக்கா அந்த இடத்தில் வெளியே தெரியாமல் ஒரு கொக்கி வைப்பார். நான் ஆய்வுக்கூடத்தில் ரத்தம் எடுக்கிறவள். நாள் முழுக்கக் குனிந்து நிமிர்கிற வேலை. அவர் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு போன அன்று ஒருமுறைகூட நெஞ்சைக் கையால் மறைக்கவில்லை. அந்தச் சந்தோஷம் சொன்னால் புரியாது.

அக்காவோ எங்களுக்கு நேர் எதிர். புடவை, கண்மை, உதட்டுச் சாயம், ஆடும் கம்மல், அடுத்த தெருவுக்குக் கேட்கும் வளையல். பதினேழு வயதில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் சேர்ந்து, ஏழு வருடம் ஆண் சட்டைகளுக்குப் பித்தான் துளை மட்டும் போட்டவர். அந்தத் துளைக்குத்தான் காஜா என்று பெயர்; அது அவர் பெயராகவே ஒட்டிக்கொண்டது. தொழிலாளர்களை ஏற்றிவரும் வேனை அங்கே ஓட்டியவரை நாங்கள் டிரைவர் என்றே கூப்பிடுவோம். அவரும் பெண், எங்களைப் போலச் சட்டைக்காரி. அவருக்குப் பக்கத்து இருக்கைக்காக அக்கா தினமும் அரை மணி நேரம் முன்னாலேயே வந்து நின்றாராம். பதினொரு வருடமாக இருவருக்கும் ஒரே வீடு.

"உங்க வீட்ல யாரு ஆம்பளை?" என்று எங்கள் கூட்டத்திலேயே சில அதிகப்பிரசங்கிகள் கேட்பதுண்டு. டிரைவருக்குக் கரப்பான் பூச்சியைக் கண்டால் உயிர் போய்விடும், கட்டில் மேல் ஏறி நின்றுகொள்வார். செருப்பை எடுத்து ஒரே போடாகப் போடுவது அக்கா. குழம்பு வைப்பது டிரைவர். ருசி பார்த்துக் குறை சொல்வது அக்கா. இதில் ஆம்பளையை எங்கே போய்த் தேடுவது?

இருந்தும் நாங்கள் அக்காவை முழுசாக நம்பவில்லை. "அவங்களுக்கென்ன, புடவையைக் கட்டிட்டு நடந்தா யாரு கண்டுபிடிக்கப் போறா? கல்லடி படுறது நாமதானே. ஒருநாள் எவனையாவது கட்டிக்கிட்டுப் போகப்போறாங்க, பாத்துட்டே இருங்க." இதைச் சொன்னது வேறு யாருமில்லை, நான்தான். அவர் தைத்துக் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டே சொன்னேன். என் முடியைப் பார்த்து என்னை எடைபோடும் உலகத்தைத் திட்டித் தீர்ப்பேன். நானோ அவர் கம்மலைப் பார்த்து அவரை எடைபோட்டேன். நினைத்தால் இன்றும் கூசுகிறது.

அக்காவின் கடை ஒரு மருந்துக்கடையின் மாடியில். கட்டடக்காரம்மா வாடகைக்கு விடும்போதே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: பெண்களுக்கு மட்டும்தான் தைக்க வேண்டும், ஆண்கள் படியேறக் கூடாது. ஒப்பந்தம் முடிகிற மாதம் பார்த்து மருந்துக்கடைக்காரர் அவரிடம் போய் மூட்டிவிட்டார். மாடிக்கு ஆம்பளைகள் போகிறார்களாம், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார்களாம்.

ஒரு மதியம் இரண்டு பேரும் விசாரிக்க மேலே வந்தார்கள். நான் பாதி தைத்த சட்டைக்குள், அக்குளில் குண்டூசிகளோடு, கையை அகட்டி நின்றுகொண்டிருந்தேன். டிரைவர் ஓரமாக உட்கார்ந்து பித்தான்களை அளவுவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"பாருங்கம்மா, கையும் களவுமா! ரெண்டு ஆம்பளைங்க!" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"அண்ணே, போன வாரம் மாதவிடாய் வலிக்கு உங்ககிட்ட மாத்திரை வாங்கிட்டுப் போனது நான்தான்" என்றேன்.

ஆனாலும் ஆள் விடுவதாக இல்லை. மேசையில் கிடந்த அளவு நோட்டைப் புரட்டினார். "அப்போ இது என்னவாம்? தம்பி ஏழு, தம்பி இருபது, தம்பி முப்பத்தொண்ணு! நோட்டு பூரா தம்பிங்க!"

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது இதுதான். மாட்டிக்கொள்ளக் கூடாது என்று நாங்கள் ஆளுக்கு ஒன்றாகச் சொன்ன பொய், வரிசை எண் போட்டு அக்காவுக்கு எதிராகச் சாட்சி சொன்னது.

கட்டடக்காரம்மா கெட்டவர் அல்ல. அவருடைய ரவிக்கைகள் எல்லாம் அக்கா தைத்தவைதான். எங்களைப் பார்த்ததும் விஷயம் அவருக்குப் பிடிபட்டுவிட்டது. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ லட்சணமா, நாலு பேர் மெச்சுற மாதிரி இருக்கிற பொண்ணு. இதுங்களோட உனக்கென்ன சகவாசம்? தெரியாம தைச்சுக் கொடுத்துட்டேன், இனிமே உள்ள விடமாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு. அடுத்த மூணு வருஷத்துக்கு இப்பவே கையெழுத்துப் போடறேன்."

ஒரே ஒரு வார்த்தைதான். தொழிற்சாலையில் கண்ணையும் முதுகையும் கொடுத்துவிட்டு வந்தவருக்கு அந்த ஒற்றை அறைதான் சம்பாத்தியம். சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன். அவர் இடத்தில் இருந்திருந்தால் நான் சொல்லியிருப்பேன். டிரைவரே எழுந்துவிட்டார்.

"சொல்லிடு. நான் கீழ வேனுக்குப் போறேன்" என்றார் மெதுவாக.

"உக்காரு" என்றார் அக்கா.

டிரைவர் உட்கார்ந்தார். அக்கா கட்டடக்காரம்மாவிடம் திரும்பினார். "அம்மா, அந்த நோட்டுல தம்பின்னு ஒருத்தனும் இல்லை. அத்தனையும் பொண்ணுங்க. பொண்ணுங்களைப் பிடிச்ச பொண்ணுங்க. நானும் அதுல ஒருத்தி."

"சீ, உன்னைப் பாத்தா அப்படித் தெரியலையே!"

"தெரியலைன்னா நெத்தியில எழுதி ஒட்டிக்கவா? இந்த மையும் கம்மலும் எவனோ பாக்கறதுக்குன்னா நினைச்சீங்க? காலையில எழுந்து இவ பாக்கணும்னு போட்டுக்கறேன். இவ என் வீட்டுக்காரி. பதினொரு வருஷமா."

மருந்துக்கடைக்காரர் இளித்தார். "அப்போ அதுதான் உனக்கு ஆம்பளையா?"

"ஆம்பளை வேணும்னா ஆம்பளையையே கட்டியிருக்க மாட்டேனா? ஊர்ல ஆம்பளைக்கா பஞ்சம்? இதோ நீங்களே ஒருத்தர் நிக்கறீங்க, பாத்தா ஆசையா வருது? எனக்குப் பிடிச்சது சட்டை போட்ட பொம்பளை. அதுலயும் இவ ஒருத்திதான்."

கட்டடக்காரம்மா பிடித்திருந்த கையை உதறினார். "மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடு. என் ரவிக்கைத் துணியைக் கொடு." அக்கா அந்தத் துணியைத் தேடி எடுத்து, மூலை பிசகாமல் மடித்து, பையில் போட்டுக் கொடுத்தார். இருவரும் இறங்கிப் போனார்கள்.

"அக்கா, உங்களைப் பத்தி நான் வெளியில..." என்று ஆரம்பித்தேன்.

"என் காதுக்கும் வந்துச்சு. ஆடாம நில்லு, ஊசி குத்தும்" என்று அக்குள் ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்தார்.

டிரைவருக்கு அழுகை முட்டியது. "போச்சே. எனக்காகக் கடையை விட்டுட்டியே."

"உனக்காகன்னு யாரு சொன்னா?" அக்கா சீறினார். "ரோட்டுல நம்மைப் பாத்தா உன்னைத் திட்டுவானுங்க. என்னைப் பாத்து, ஐயோ பாவம், நல்ல பொண்ணு இதுகிட்ட மாட்டிக்கிச்சேன்னு உச்சுக்கொட்டுவானுங்க. பதினொரு வருஷமா அந்த உச்சுக்கொட்டலைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப் போச்சு. நான் ஒண்ணும் மாட்டிக்கலை. நானாத் தேடி வந்தேன். இனிமே திட்டு வந்தா, ரெண்டு பேருக்கும் சேத்து வரட்டும்."