ஒன்பது கிலோவாட் உலையும் வீட்டு அடுப்பும்

துறைமுகத்துக்குப் போகும் சாலையில், லாரி டயர் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது அந்தச் சுங்க முகவர் அலுவலகம். அங்கே ஜன்னலோர மேஜைக்காரியை எல்லாரும் அடுப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் பத்திரமாக இருக்கிறது.

அவள் வேலையைச் சொன்னால் பலருக்குக் கொட்டாவி வரும். வரட்டும். கப்பலில் வந்து இறங்கும் ஒவ்வொரு பொருளுக்கும் சுங்க அட்டவணையில் ஓர் எண் உண்டு. வரி அந்த எண்ணைப் பொறுத்தது. சரியான எண்ணைக் கண்டுபிடித்து எழுதுவதுதான் அவள் பாடு. அதிலும் உலைகள் என்றால் அவளிடம்தான் வரும். தொழிற்சாலைக்கும் ஆய்வுக்கூடத்துக்குமான மின் உலை 8514. வாயுவோ எண்ணெயோ எரிந்து சூடாகும் உலை 8417. வீட்டில் கேக் சுடும் மின் அடுப்பு 8516. பார்த்தால் மூன்றும் கதவு வைத்த இரும்புப் பெட்டிதான். "ஒரே பொட்டிக்கு எதுக்கும்மா மூணு நம்பர்?" என்று கல்யாணமான புதிதில் கணவர் கேட்டார். அவள் முக்கால் மணி நேரம் விளக்கினாள். மனிதர் அதற்கப்புறம் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

வேலையில் சேர்ந்த நான்காம் வருடம் அது நடந்தது. ஸ்பிரிங் செய்யும் பட்டறைக்காரர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து உலை வரவழைத்திருந்தார். எஃகுச் சுருள்களைப் பழுக்கக் காய்ச்சிப் பதப்படுத்துவதற்கான உலை. இரண்டு பெட்டிகள். பெரியதில் உலை, சின்னதில் 'துணைப் பாகங்கள்'. தகவல் தாளில் மூன்று ஃபேஸ் மின்சாரம், ஒன்பது கிலோவாட், கட்டுப்பாட்டுப் பலகை என்றெல்லாம் இருந்தது. படத்தில் ஒயர் தொங்கியது. அவ்வளவு போதாதா? 8514 என்று எழுதினாள். முதலாளி கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். அவள் எழுதியதை அவர் படித்துப் பார்ப்பதை விட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. தாள் சுங்கத்துக்குப் போனது. மறுநாள் காலை பத்து மணிக்குப் பெட்டிகளைத் திறந்து சோதிப்பதாகத் தகவல் வந்தது. வரட்டுமே, என்ன பயம் என்று வீட்டுக்குப் போனாள்.

அப்போது கணவர் வேலை பார்த்த அச்சகம் மூடி மூன்று மாதம். அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. ஆனால் மனிதர் மூலையில் உட்காரவில்லை. சமையலறையை எடுத்துக்கொண்டார். அன்றைக்கும் அவள் செருப்பைக் கழற்றும்போதே டீக்குத் தண்ணீர் வைத்து அடுப்பைத் திருகினார். டிக் டிக் டிக். பற்றவில்லை.

"பேட்டரி போயிடுச்சு போல. தீப்பெட்டி எங்கம்மா?"

"பேட்டரி இல்லாட்டி என்ன, கேஸ் இருக்குல்ல" என்று தீப்பெட்டியை நீட்டினாள். நீட்டிய கை அப்படியே நின்றது.

அந்த அடுப்பில் மின்சாரம் உண்டு. பொறி தட்ட மட்டும். தண்ணீரைக் கொதிக்க வைப்பது வாயு. பேட்டரியில் தண்ணீர் கொதிக்குமா? உள்ளே ஒரு ஆள் நிமிர்ந்து நடக்கக்கூடிய உலை, தொள்ளாயிரம் டிகிரி, வெறும் ஒன்பது கிலோவாட்டில் காயுமா? அந்த ஒன்பதும் விசிறி சுழற்றவும் பொறி தட்டவும்தான். வாயுவை எரிக்கும் எரிப்பான் சின்னப் பெட்டியில்தான் இருக்கும். உலை 8417.

அந்த வருடம் மின் உலைக்கு வரி குறைவு. நாளை பெட்டியைத் திறந்து எரிப்பானைப் பார்த்தால், தெரியாமல் எழுதிய தப்பு என்று யார் நம்புவார்கள்? வரி ஏய்க்கப் பொய் சொன்னதாகத்தான் எழுதுவார்கள். முதலாளியின் உரிமம் போகும். முப்பது வருட அலுவலகம், பதினோரு பேர் பிழைப்பு. அவள் பிழைப்பு முதலில் போகும்.

கணவர் முழுதும் கேட்டார். பாதிதான் புரிந்திருக்கும். "காலைல மொத வேலையா போய்ச் சொல்லிடு. நான் கூட வந்து கீழ நிக்கறேன்" என்றார். வேலையில்லாத மனிதர், இருக்கிற ஒரு சம்பளமும் போகலாம் என்று தெரிந்தே சொன்னார். அதை அவள் இன்றுவரை மறக்கவில்லை.

காலை எட்டு மணிக்கு முதலாளி ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருக்கும்போதே கொட்டிவிட்டாள். அவர் அவளிடமிருந்து தாளின் நகலை வாங்கிப் பார்த்தார். முகம் கறுத்தது.

"கண்ணை எங்கம்மா வெச்சிருந்த?"

உள்ளே போய், திருத்தம் கேட்டு அவரே ஒரு கடிதம் எழுதினார். ஷட்டரை மறுபடி கீழே இழுத்துப் பூட்டினார். "வா, போலாம்."

சுங்க அலுவலகத்தில் உலைகளைப் பார்த்த அதிகாரி அம்மாளுக்குத் தராசு என்று பட்டப்பெயர். ஒரு பக்கமும் சாயமாட்டார், சிரிக்கவும் மாட்டார். திருத்தம் கேட்டு எழுதிய கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"இதை யார் தயார் பண்ணது?"

அவள் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. அதற்குள் முதலாளி ஓரடி முன்னால் வந்தார்.

"மேடம், கீழ இருக்கற கையெழுத்து என்னுது. படிச்சுப் பாக்காமப் போட்டேன். தப்பு என்னுதுதான்."

அவர் படிக்காமல் போட்டது அவள்மேல் வைத்த நம்பிக்கையால். அந்த நம்பிக்கையையே குற்றமாக்கித் தன் தலையில் போட்டுக்கொண்டார். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஜன்னலைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டாள்.

தராசு கடிகாரத்தைப் பார்த்தார். "பொட்டியைத் தொறக்க இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கு. அதுக்கு முன்னாடி நீங்களே வந்து சொல்லியிருக்கீங்க. திருத்தத்தை ஏத்துக்கறேன். ஆனா ரெண்டு பொட்டியையும் நான் பாப்பேன்."

பார்த்தார். சின்னப் பெட்டியில் எரிப்பான் சமர்த்தாகப் படுத்திருந்தது. உலை மூன்றாம் நாள் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தது.

அன்றிலிருந்து எந்த உலை வந்தாலும் அதன் பெயரையும் படத்தையும் பார்ப்பதற்கு முன்னால் அவள் ஒரே கேள்விதான் கேட்பாள்: "சூடு எதுலேருந்து வருது?" கேட்டுக் கேட்டுத்தான் அடுப்பக்கா ஆனாள். முதலாளிக்கு முழங்கால் ஒத்துழைக்காமல் போனபோது, நாற்பத்தாறு வயதில் உரிமப் பரீட்சை எழுதித் தேறினாள். இப்போது கையெழுத்து அவளுடையது.

போன மாதம் பக்கத்து மேஜைக்காரர் ஒரு தப்புச் செய்தார். ஓய்வுபெற இரண்டு வருடம் இருக்கும் மனிதர், அவள் சேர்வதற்கு முன்பிருந்தே இருப்பவர். கண்ணாடிக் குடுவைகளை உலர்த்தும் ஆய்வுக்கூட அடுப்பை, படத்தைப் பார்த்து ஏமாந்து, வீட்டு அடுப்பு என்று எழுதிவிட்டார். சோதனையில் பிடிபட்டது. அவரையும் அவளையும் சுங்க அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். அதிகாரி புதியவர்.

"யார் சார் இதைத் தயார் பண்ணது?"

பக்கத்து மேஜைக்காரர் நெற்றியெல்லாம் வேர்வை. வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. அந்தக் காற்றை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"கையெழுத்து என்னுது சார். படிச்சுட்டுத்தான் போட்டேன். கோட்டை விட்டது நான்தான்" என்றாள்.

அபராதமும் எச்சரிக்கைக் கடிதமும் கிடைத்தன. கடிதம் அவள் பெயரில். சம்பளச் சீட்டுக்கு அடுத்தபடியாக அந்தப் பெயருக்கு வெளிச்சம் கிடைத்தது அதில்தான்.

படியிறங்கியதும் முதலாளிக்குப் போன் போட்டாள். அவருக்கு எழுபத்தெட்டு வயது, காதும் கொஞ்சம் மந்தம்.

"சார், நீங்க அன்னிக்கு தராசு மேடம்கிட்ட சொன்னீங்களே, அதை இன்னிக்கு நானும் சொன்னேன்."

"என்னம்மா சொன்னேன்?"

அவள் முதலிலிருந்து சொன்னாள். ஒன்பது கிலோவாட், சின்னப் பெட்டி, பூட்டிய ஷட்டர், எல்லாம். இத்தனை வருடமாக அவள் நெஞ்சில் வைத்திருந்தது அவருக்கு நினைவில்கூட இல்லை.

"அதுல என்னம்மா இருக்கு?" என்றார். "என் கையெழுத்துதானே போட்டிருந்துச்சு?"