புட்டியில் இருந்த அம்மா

அறுபதுகளில் பம்பாய் ஆய்வுக்கூடம் ஒன்றில் இருந்தேன். அம்மாவின் புற்றுக்கட்டியிலிருந்து எடுத்த செல்களைப் புட்டியில் வளர்த்தேன். அம்மா இறந்த பிறகும் அவை பெருகின. அதைக் கேட்டு, தென்காசியில் அப்பா திதி கொடுப்பதையே நிறுத்திவிட்டார்.

“உசுரோட இருக்கவளுக்கு எள்ளுந்தண்ணியும் இறைப்பாங்களாலே?”

பிறகு ஒரு சோதனையில் அவை எலியின் செல்கள் என்று தெரிந்தது. பக்கத்துப் புட்டியிலிருந்து கலந்து, அம்மாவுடையதை அழித்து வளர்ந்திருக்கின்றன.

விடுப்பில் ஊருக்கு வந்திருந்தேன். ஆடி அமாவாசையன்று குற்றாலத்தில் எல்லோரும் தர்ப்பணம் செய்ய, அப்பா சும்மா குளித்துவிட்டு வந்தார்.

“ஒங்கம்மா நல்லா வளருதாளா?”

சொன்னால் அம்மா இன்னொரு தடவை சாவாள். சொல்லாவிட்டால் மேலுலகில் பட்டினி கிடப்பாள். நடுவில் மாட்டிக்கொண்டு தவித்தேன். கடைசியில் சொல்லிவிட்டேன்.

அப்பா துண்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டார்.

“அப்பம் அவ என்னைக்குலே போனா?”

எலியா மனுஷியா என்று சொல்லச் சோதனை உண்டு. அந்த நாளைச் சொல்லும் சோதனை எனக்கு இன்றுவரை தெரியாது.