பாவா எழுதிய சம்பளப் புரோகிராம்

எங்கள் மில்லில் கம்ப்யூட்டர் பிரிவு என்றால் நாலே பேர். அதற்குத் தலைவர் என் அக்கா வீட்டுக்காரர். வீட்டில் பாவா, ஆபீசில் சார். எண்பதுகளின் கடைசியில், எங்கள் புரோகிராம்களில் தப்பு மலிந்துவிட்டது என்று மேனேஜர் மெட்ராஸிலிருந்து ஒரு அம்மாவை வரவழைத்தார். ஒரு மாதத்துக்கு, வாரம் ஒரு நாள், அரக்கோணத்தில் ரயில் மாறி வருவார்.

அவர் சொன்ன புது முறை இதுதான். ஒருவர் எழுதியதை இன்னொருவர் சத்தமாகப் படிக்க வேண்டும். தப்பு தெரிந்தால் அங்கேயே சொல்லிவிட வேண்டும். எழுதியவர் வாய் திறக்கக் கூடாது.

நல்ல முறைதான். ஆனால் பாவா எழுதிய சம்பளப் புரோகிராம் என் கையில் அல்லவா வந்து விழுந்தது! வீட்டு மாப்பிள்ளையை நாலு பேர் எதிரில் குறை சொன்னால், பொதட்டூர்பேட்டையில் மாமியார் நாத்தனாரோடு இருக்கிற அக்கா எப்படிக் குடித்தனம் செய்வாள்? வாயாடி என்று பேர் எடுத்த நானே, "சரியா கீதுங்க சார்" என்று சொல்லி மூடி வைத்தேன்.

சரியாக இல்லை. மாசக் கடைசியன்று ராத்திரி ஷிஃப்ட் ஏறி, மறுநாள் காலை இறங்குகிறவர்களுக்கு அது ஆப்சென்ட் போட்டது. ஆடிக் கிருத்திகைக்கு வீடு நிறைய விருந்தாளி வருகிற நேரத்துச் சம்பளம்.

அன்று சாயங்காலம் ஸ்டேஷனுக்கு நடக்கும்போது அந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"நீங்களே சொல்லிடுங்க மேடம். வெளியாளு, உங்க மேல யாரு கோவப்படப் போறாங்க?"

"சொல்லலாம்மா. அடுத்த வாரத்தோட நான் வர்றது நின்னுடும். அப்புறம் யார் சொல்லுவா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "இத சொல்லத்தான் மெட்ராஸ்லேர்ந்து வந்துகினு கீறீங்களா?"

"ஆமா, இதுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு அவர் வண்டி ஏறிவிட்டார்.

மறுவாரம் அதே புரோகிராமை நானே கேட்டு வாங்கிப் படித்தேன். அந்த இடம் வந்ததும் நிறுத்தினேன்.

"பாவா, இங்க நைட் ஷிஃப்ட்காரங்களுக்கு ஆப்சென்ட் வுழுது."

ஆபீசில் அவரை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவர் முகம் சுண்டிப்போயிற்று. பேசக் கூடாது என்பது விதி. பேப்பரை வாங்கித் திருத்தினார். சம்பளம் ஒழுங்காகப் போனது. அக்கா வீட்டில் என்ன ஆகுமோ என்றுதான் எனக்கு அந்த வாரம் முழுக்கக் கவலை.

அதற்கடுத்த வாரம் மெட்ராஸ் அம்மா இல்லை. இனிமேல் யார் படிக்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாவா வந்து, தான் புதிதாக எழுதியதை என் மேஜைமேல் வைத்தார்.

"படி. தப்பு இருந்தா இங்க எவ்ளோ வேணா சொல்லு. உங்க அக்காகிட்ட மட்டும் சொல்லிடாத. ஊட்ல நான் இருக்க முடியாது."